ஒரு பிள்ளை குறைந்தால் பதினைந்தாயிரம் போச்சு

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியைப் பற்றி டீக்கடையில் ஒரே தீர்ப்புதான்: ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு பத்தி வாசிக்கத் தெரியவில்லை. வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் இருப்பது உண்மை. ஆசிரியர்கள் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறார்கள் என்பதுதான் அபாண்டம்.

ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு ஆசிரியர்கள். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு பேர் போதும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். தலையை எண்ணுகிறார்கள், வகுப்பை எண்ணுவதில்லை. அதிலும் ஒருவர் பயிற்சிக்கோ வாக்காளர் பட்டியல் வேலைக்கோ போய்விட்டால் தலைமையாசிரியை மட்டும்தான். நான் போன அன்று, ஐந்தாம் வகுப்புக்கு வகுத்தல் கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு, ஒன்றாம் வகுப்புப் பையனின் கையைப் பிடித்து 'அ' எழுத வைத்துக்கொண்டிருந்தார். பெரிய பிள்ளைகளுக்கு மீதி சரியாக வந்ததா என்று பார்க்க ஆளில்லை. 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கச் சொல்கிறது. நல்ல யோசனைதான். மூன்று கூட்டத்துக்கும் ஒரே நேரத்தில் பாடம் நடத்த அவருக்கு இருப்பது ஒரு வாய்.

அடுத்தது பணம். மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்தும் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்‌ஷா விதிப்படி 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. எங்கள் பள்ளியில் இப்போது 31 பேர். யாராவது ஒருவர் தனியார் பள்ளி வேனில் ஏறினால் பதினைந்தாயிரம் போய்விடும். கழிப்பறைக்கு ஃபினாயில் குறையுமா? மோட்டார் காயில் ஒருமுறை எரிந்தால் பத்தாயிரத்தில் என்ன மிஞ்சும்? இதில், மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்று 2024-25க்கு சமக்ர சிக்‌ஷாவில் மாநிலத்துக்கு வர வேண்டிய 2,152 கோடியை மத்திய அரசு நிறுத்தியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அரசியலில் யாருக்கு வேண்டுமானாலும் கொடி பிடியுங்கள், ஒரு கையெழுத்துக்காகப் பிள்ளைகளின் காசைப் பிடித்து வைப்பது அடாவடி.

கொடையாளர்களைப் பிடிக்க வேண்டியதுதானே என்பார்கள். மதுரை கொடிக்குளம் பள்ளிக்கு ஒரு ஏக்கர் 52 சென்ட் நிலத்தை எழுதிக் கொடுத்த பூரணம் அம்மாளைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அதற்காகச் சாக்பீஸுக்கும் துடைப்பத்துக்கும் ஒவ்வொரு ஊரும் ஒரு பூரணம் அம்மாளைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா?

எத்தனை பிள்ளைகள் இருந்தாலும் பள்ளிக்குக் குறைந்தது 25,000, வேலை நாளில் ஆசிரியரை வேறு வேலைக்கு இழுக்கக் கூடாது. இந்த இரண்டையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானமாகப் போடச் சொல்லியிருக்கிறேன். டீக்கடை நீதிபதிகளும் கூட்டத்துக்கு வரலாம், டீ நான் வாங்கித் தருகிறேன்.