சென்னையைச் சுட்ட எம்டன் நீர்மூழ்கி அல்ல

விசாகப்பட்டினம் கடற்கரையில் நிற்கும் நீர்மூழ்கியின் படத்தைப் போட்டு, "1914இல் சென்னையைத் தாக்கிய எம்டன் இதுதான்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறார்கள். தவறு. படத்தில் இருப்பது ஐ.என்.எஸ். குர்சுரா, 1969இல் நம் கடற்படையில் சேர்ந்த சோவியத் கப்பல்.

எம்டன் ஜெர்மனியின் இலகுரக க்ரூஸர், அதாவது நீரின் மேல் ஓடும் போர்க்கப்பல். அதைவிடச் சிறிய போர்க்கப்பலான நாசகாரியும் (டெஸ்ட்ராயர்) அல்ல. பிரான்சின் முஸ்கே என்ற நாசகாரியைப் பினாங்கு அருகே மூழ்கடித்ததே எம்டன்தான். செப்டம்பர் 22 இரவு அது நீருக்கடியில் பதுங்கியெல்லாம் வரவில்லை. இருட்டில் வந்து, 10.5 செ.மீ. பீரங்கிகளால் பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. நவம்பர் 9இல் இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' போர்க்கப்பல் அதன் கதையை முடித்தது.

சரி, எம்டனை ஏறிப் பார்க்க முடியுமா? முடியாது, சிதைந்த உடலைப் பின்னாளில் உடைத்து எடுத்துவிட்டார்கள். அதன் பீரங்கி ஒன்று சிட்னி நகர ஹைட் பார்க்கில் இருக்கிறது. இங்கே சென்னை உயர் நீதிமன்ற மதிலில் நினைவுக் கல்வெட்டு உண்டு.