ஹைட்ரஜன் ரயில் "ஓடும் அணுகுண்டு" அல்ல

"பெரம்பூர் ஐ.சி.எப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் செய்த ஹைட்ரஜன் ரயில் ஓடும் ஹைட்ரஜன் குண்டு, வெடித்தால் வடசென்னையே மிஞ்சாது" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. இது தவறு.

பெயர் ஒன்றுதானே தவிர, இரண்டும் வேறு வேறு. ஹைட்ரஜன் குண்டில் நடப்பது அணுக்கரு இணைவு, அதாவது அணுக்களின் மையக் கருக்களே ஒன்றாக இணைவது. அதைத் தூண்டவே உள்ளே ஓர் அணுகுண்டு வெடிக்க வேண்டும். ரயிலில் இருப்பது எரிபொருள் மின்கலம். அதில் ஹைட்ரஜனும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து மின்சாரம் தருகின்றன. மிஞ்சுவது தண்ணீரும் வெப்பமும்தான். அந்த மின்சாரத்தோடு பேட்டரியும் கைகொடுக்க, மோட்டார் ஓடுகிறது. இதில் அணுக்கருவுக்கு வேலையே இல்லை.

ஆபத்தே கிடையாதா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். ஹைட்ரஜன் எளிதில் தீப்பற்றும். உயர் அழுத்தத்தில் அடைத்து வைக்க வேண்டிய வாயு. அதனால்தான் கசிவைக் கண்டுபிடிக்கும் சென்சார்களும் தானாக மூடும் வால்வுகளும் வைக்கிறார்கள். காற்றைவிடச் சுமார் 14 மடங்கு லேசானது என்பதால், திறந்த வெளியில் கசிந்தால் வேகமாக மேலே போய்க் கலைந்துவிடும். ஜெர்மனியில் 2018 முதலே இத்தகைய ரயிலில் பயணிகள் போயிருக்கிறார்கள்.

ஐ.சி.எப்.பில் இந்த ஹைட்ரஜன் ரயிலின் பெட்டி சோதிக்கப்பட்டதை 2025 ஜூலையில் ரயில்வே அமைச்சரே அறிவித்தார். எரிபொருள் மின்கலம் பற்றி பிளஸ் டூ வேதியியல் புத்தகத்தின் மின்வேதியியல் பாடத்தில் பார்க்கலாம்.

பெரம்பூர், வில்லிவாக்கம் பக்கம் வீட்டுப் பெரியவர்கள் அந்த வாட்ஸ்அப் தகவலைப் படித்துப் பயந்துபோயிருக்கிறார்கள். தயவுசெய்து அந்தத் தகவலை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால் அதே குரூப்பில் இந்த விளக்கத்தையும் போடுங்கள்.