கோவணமும் கிராஃபிக்ஸ் கார்டும்

கோவணத்தை எலி கடிக்கிறதென்று பூனை வளர்த்து, பூனைக்குப் பால் வேண்டுமென்று பசு வாங்கி, பசுவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று கல்யாணமும் செய்துகொண்ட சாமியாரை நினைத்து இத்தனை காலம் சிரித்திருக்கிறேன். இந்த வாரம் அந்த மனிதரிடம் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

எங்கள் வீட்டு மேசைக் கணினி 2014இல் வாங்கியது. உள்ளே நான்காம் தலைமுறை ஐ5 செயலி. கணினி, பெயரைச் சொன்னால் எல்லாருக்கும் தெரிந்த நிறுவனத்தின் தயாரிப்பு, சொல்லப்போவதில்லை. மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் அசைவூட்டம் படிக்கிறான். பிளெண்டர் என்ற அசைவூட்ட மென்பொருளில் ஒரு சிறு காட்சியை இரவு ஓடவிட்டுப் படுத்தால், விடிந்தும் பாதி முடிந்திருக்காது. "அப்பா, கிராஃபிக்ஸ் கார்டை மட்டும் மாற்றினால் போதும்" என்றான். மட்டும்! அந்தச் சொல்லை நம்பியதுதான் நான் செய்த குற்றம்.

இங்கே சிங்கப்பூரில், ஈசூனில் ஒருவர் தம் பழைய ஆர்டிஎக்ஸ் 3060 கார்டை 260 வெள்ளிக்குக் கொடுத்தார். நல்ல மனிதர், ஓட்டிக் காட்டித்தான் பணம் வாங்கினார். அந்தக் கார்டுக்கு 170 வாட் வேண்டும். எல்லாப் பாகங்களும் வந்து சேரும் பலகையான மதர்போர்டில் கார்டைச் செருகும் ஸ்லாட் 75 வாட்டுக்கு மேல் தராது. மிச்சத்தை, கணினிக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளையிலிருந்து எட்டு ஊசிமுனை கொண்ட 8 பின் கேபிள் வழியாக நேரே ஊட்ட வேண்டும். பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பவர் சப்ளை மொத்தமே 290 வாட். அப்படியொரு கேபிள் அதில் இல்லவே இல்லை. அலுவலக நண்பர் ஒருவர், வழக்கமாக வன்தட்டுக்கு மின்சாரம் தரும் சாட்டா கேபிளிலிருந்து 8 பின்னுக்கு மாற்றும் இணைப்பு ஆறு வெள்ளிக்குக் கிடைக்கிறதே என்று கருணையோடு சொன்னார். சாட்டா முனை தாங்குவது 54 வாட். அதன் தலையில் 8 பின்னுக்குரிய 150 வாட்டை ஏற்றினால் பிளாஸ்டிக் உருகும் நாற்றம் பக்கத்து வீடுவரை போகும். நண்பர் இனி என் வீட்டுப் பக்கம் வந்தால் திருப்புளியை ஒளித்துவைத்துவிடுவேன்.

ஆக, 89 வெள்ளிக்கு 550 வாட் பவர் சப்ளை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு நான்கு திருகுகளைக் கழற்றிப் பழையதை வெளியே எடுத்தேன். மதர்போர்டுக்குப் போகும் தடித்த முனையை விரலால் அழுத்திப் பிடுங்கியபோதுதான் வயிற்றைக் கலக்கியது. பின்களை எண்ணினேன். எட்டு. திரும்ப எண்ணினேன். எட்டேதான். கையிலிருந்த புதியதில் 24. வன்தட்டுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறதென்று பார்த்தால், அதுவும் பவர் சப்ளையிலிருந்து இல்லை, மதர்போர்டிலிருந்து ஒரு சின்ன ஒயரில்!

கணினிப் பாகங்களுக்கு ஏட்டிஎக்ஸ் என்ற பொது அளவுமுறையை இன்டெல் நிறுவனம் 1995இலேயே கொண்டுவந்துவிட்டது. 24 பின் முனையும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. யார் செய்த பவர் சப்ளையும் யார் செய்த மதர்போர்டிலும் சேரவேண்டும் என்பதுதானே அந்த ஏற்பாடே? 12 வோல்ட்டை மட்டும் வாங்கி, 5 வோல்ட்டையும் 3.3 வோல்ட்டையும் மதர்போர்டே தயாரித்துக்கொள்வதால் மின்சாரம் மிச்சமாகிறது என்று விளக்கம் சொல்வார்கள். மிச்சமாகட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? அதற்கு ஏன் கடையில் எங்கும் கிடைக்காத முனை? சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொடுத்துவிட்டு, பொத்தான் அறுந்தால் எங்களிடம்தான் வரவேண்டும் என்று எந்தத் தையற்காரராவது சொல்வாரா? மூன்று பின் செருகி வீட்டுச் சுவரில் எங்கும் சேர்கிறது, தீவின் எந்த வீட்டிலும் சேர்கிறது. கணினிப் பெட்டிக்குள் போனதும் மட்டும் ஆளுக்கொரு சாதி, ஆளுக்கொரு குலமா?

மறுநாள் வேலை முடிந்து, கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேர். மேல்மாடியில் ஒரு சீனப் பெரியவரின் கடை. கைப்பேசியில் படத்தை நீட்டினேன். முழுதாகப் பார்க்கக்கூட இல்லை, இழுப்பறையைத் திறந்தார். உள்ளே 24க்கு 8, 24க்கு 10, 24க்கு 6 என்று மாற்று கேபிள்கள், ரப்பர் வளையம் போட்டுக் கட்டுக்கட்டாக. "தினமும் வருகிறார்கள் பாஸ், 12 வெள்ளி" என்றார். அந்த இழுப்பறையைப் பார்த்தபோது வந்த கோபம்தான் இன்னும் அடங்கவில்லை. ஏமாந்தவன் நான் ஒருவன் என்றால் பொறுத்துக்கொள்வேன். ஓர் இழுப்பறை நிறைய அல்லவா இருக்கிறோம்!

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், சொல்லும்போதே இரத்தம் கொதிக்கிறது. கார்டு நீளம், வன்தட்டுக் கூட்டில் முட்டியது. கூட்டைக் கழற்றி, வன்தட்டைப் பெட்டியின் அடித்தளத்தில் ஒட்டுநாடாவால் ஒட்டினேன். எங்கள் திரையில் விஜிஏ, டிவிஐ என்ற பழைய செருகுமுனைகள்தான். கார்டிலோ எச்டிஎம்ஐயும் டிஸ்பிளேபோர்ட்டும்தான். அதற்கொரு மாற்றி, 18 வெள்ளி. கூட்டிப் பார்த்தால் 379.

ஓடுகிறது. நன்றாகவே ஓடுகிறது, மறுக்கவில்லை. இரவு முழுக்கத் தின்ற காட்சி, நான் குளித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. ஆனால் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தாயிற்று. 11க்குப் போகலாமென்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறைந்த இந்த ஐ5 தகுதி இல்லையாம். "என்னங்க, புதிதாகவே ஒன்று வாங்கியிருக்கலாமே?" என்றாள் மனைவி. பதில் சொல்லாமல் கோப்பி கலக்கப் போய்விட்டேன்.

பழைய பவர் சப்ளை செருப்பு அலமாரியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஒரு கோளாறும் இல்லை. பதினோரு ஆண்டு உழைத்தது, இன்னும் உழைக்கும். ஆனால் அந்த எட்டு பின்னை வைத்துக்கொண்டு அது எந்த வீட்டுக்குப் போகும்? சும்மா எடுத்துக்கொள்கிறீர்களா என்று அந்தப் பெரியவரிடமே கேட்டேன். "எதற்கு?" என்றார்.