சுடுகாடு இல்லைங்க, சலூன்

நான் சுவர் செய்துகொடுத்த சலூனை ஒரு தம்பி கிண்டலடித்துப் போட்ட அந்த வீடியோவை நானும் பார்த்துவிட்டேன். இனி யாரும் அனுப்ப வேண்டாம். "கரிக்கட்டைச் சுவரு, சுடுகாட்டுல உட்கார்ந்து முடிவெட்டின ஃபீலு" என்று அந்தத் தம்பி சொன்னபோது நானும் சிரித்தேன். கீழே இருந்த கமெண்டுகளைப் படித்ததும்தான் சிரிப்பு போனது.

அந்தச் சுவருக்குப் பெயர் யாக்கிசுகி, அதாவது சுட்ட சுகி. சுகி என்பது ஜப்பானின் ஓர் ஊசியிலை மரம். (தம்பி சொன்ன 'ஷோ சுகி பான்', அந்த ஜப்பானிய எழுத்துகளை யாரோ தப்பாக வாசித்து இணையத்தில் பரவியது.) மேற்கு ஜப்பானின் கடலோர ஊர்களில் வெளிச்சுவர்ப் பலகைகளை இப்படிச் சுடுவார்கள். மூன்று பலகைகளை முக்கோணக் குழாய் போலக் கட்டி நிறுத்தி அடியில் தீ வைத்தால், புகைபோக்கியில் ஏறுகிற மாதிரி தீ உள்ளுக்குள் குபுகுபுவென்று ஏறும். சில நிமிடங்களில் பிரித்துத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் பலகை போச்சு. அந்தக் கரிதான் மழைக்கும் பூச்சிக்கும் கவசம்.

நான் படத்தைப் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டவில்லை. வேலையைக் கற்றுக்கொண்டு செய்தேன். பக்கத்து வீட்டு அக்கா "துணி காயப் போட்டிருக்கேன்மா" என்று கத்தக் கத்த, நாலு மாதம் கொல்லையில் பலகை எரித்தேன்.

கமெண்டில் கேட்டவர்களுக்கு வருகிறேன். "அது சுகி மரமே இல்லையே?" ஆமாம், பைன். இங்கே சுகிக்கு எங்கே போக? "வெளிச்சுவர் வேலையை ஏசி ரூமுக்குள் ஏன்?" சரி, இது நியாயமான கேள்விதான். ஆனாலும் பார்க்க அழகாக இருக்கிறதா இல்லையா? பிரஷ்ஷால் தேய்த்து எண்ணெய் பூசியிருக்கிறேன், சட்டையில் ஒட்டாது. வாஸ்துக்காரர்களுக்குப் பதில் கிடையாது.

அப்புறம் அந்தப் பண்பாட்டுக் காவலர்கள். "செட்டிநாட்டு ஸ்டைலில் பண்ணியிருக்கலாமே, ஜப்பான் எதுக்கு?" ஐயா, செட்டிநாட்டு வீட்டுத் தேக்கு பர்மாவில் இருந்து வந்தது. சலவைக்கல் இத்தாலி, கண்ணாடி பெல்ஜியம். சில வீட்டுச் சுவர்களில் பூப்பூவாகப் பதித்திருக்கிறார்களே ஓடு, அது ஜப்பான்! அவர்கள் கப்பலில் கொண்டுவந்தால் பாரம்பரியம், நான் நாலு பலகையைச் சுட்டால் துரோகமா? முடிவெட்டும் நாற்காலிக்குப் பேர்போன டகாரா பெல்மான்ட்டே 1921-இல் ஒசாகாவில் தொடங்கிய கம்பெனிதான். வெட்டிக்கொள்ளத் தரையில் உட்காருவீர்களா?

இவ்வளவு எதற்கு? என் தாத்தா வேலிக்கம்பின் அடியைத் தீயில் காட்டித்தான் நடுவார், கரையான் ஏறாது என்று. அவருக்கு ஜப்பான் தெரியாது, வேலை தெரியும். நானும் வேலையைத்தான் எடுத்துக்கொண்டேன் என்று எத்தனை தடவை சொல்வது?

ஆனால் என்னைத் தூங்கவிடாத கமெண்ட் வேறு. "முடிவெட்டுற கடைக்கு இவ்ளோ சீன் தேவையா?" அதற்கு எத்தனை சிரிப்பு எமோஜி! காபிக்கடையை இழைத்து இழைத்துக் கட்டினால் யாரும் இப்படிக் கேட்பதில்லை. நகைக்கடையைக் கேட்பதே இல்லை. முடிவெட்டுகிறவர் வேலை பார்க்கும் இடம் அழகாக இருந்தால் மட்டும் உங்களுக்கு ஏன் உறுத்துகிறது?

அந்தத் தாத்தா காரைக்குடிப் பக்கம் முடிவெட்டியவர். பெரிய வீட்டு ஐயாக்களுக்குக் கொல்லைப்புறத்தில், கிணற்றடியில். முப்பது வருஷம் போய்வந்த வீட்டின் முகப்பை அவர் பார்த்ததில்லை. போன வருஷம் நான் ஐம்பது ரூபாய் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய்த்தான் அந்த ஜப்பான் ஓட்டைப் பார்த்தேன்.