பேட் உடைந்த பஞ்சாயத்து

"அந்த பேட் விஷயம் என்னாச்சு? கடை பேரைப் போடு, நாலு பேருக்குத் தெரியட்டும்" என்று இரண்டு வாரமாக ஆளாளுக்குக் கேட்கிறார்கள். பையனுக்கு வாங்கிய புது கிரிக்கெட் பேட் கொஞ்ச நாளிலேயே உடைந்து, நான் கடைக்காரரோடு சண்டை போட்ட கதைதான். விஷயம் முடிந்துவிட்டது. கடை பேரைப் போடப் போவதில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் என் மானத்தையும் கொஞ்சம் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும், பரவாயில்லை.

பையனுக்கு 13 வயது. அதுவரை காஷ்மீர் வில்லோ மரத்தில் செய்த பேட்டில் ஆடிக்கொண்டிருந்தவன், கோடை முகாமில் சேர்ந்த மறுநாளே இங்கிலீஷ் வில்லோ வேண்டும் என்று ஆரம்பித்தான். இரண்டுக்கும் என்னடா வித்தியாசம் என்றேன். "பந்து தானா போகும்ப்பா" என்றான். ஏப்ரல் முதல் வாரம், சேலத்தில் நாங்கள் வழக்கமாகப் போகும் கடையில் 8,500 ரூபாய்க்கு ஆறாம் சைஸ் பேட் ஒன்று வாங்கினோம். "பில் போட்டா வரி சேரும் சார், எஸ்டிமேட் போதுமா?" என்றார் கடைக்காரர். மிச்சம் என்றால் யாருக்குக் கசக்கும்? தலையாட்டினேன். ஒரு வெள்ளைச் சீட்டில் 'பேட் 1 - 8500' என்று எழுதி, கீழே 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்திக் கொடுத்தார். பணம் ஜிபேயில் போனது. பேட்டின் முகத்தில் 'ரெடி டு ப்ளே' என்று பளபளவென்று ஒரு ஸ்டிக்கர். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இருபத்து மூன்றாவது நாள் வலைப்பயிற்சியில் ஒரு யார்க்கர், அதாவது ஆடுபவரின் காலடியிலேயே வந்து விழும் பந்து. யார்க்கருக்குப் பேர்போன கிரிக்கெட் வீரர் நடராஜன் பிறந்த மாவட்டம் இது, இங்கே மீசை முளைக்காத பையன்கூட யார்க்கர்தான் போடுவான். பேட்டின் அடிப்பக்கம் விரல் நீளத்துக்குப் பிளந்துவிட்டது. கைப்பிடியை அசைத்தால் கரகரவென்று சத்தம் வேறு.

அன்று மாலையே கடைக்குப் போனேன். நான் செய்த முதல் தப்பு அதுதான். மாலை ஆறரை மணி, கடை நிறைய கூட்டம், கையில் உடைந்த பேட், எனக்குக் கோபம். கடைக்காரர் பேட்டை ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, "கார்க் பால்ல ஆடியிருக்காங்க சார்" என்றார். இங்கிலீஷ் வில்லோவில் கார்க் பந்து ஆடக் கூடாது என்பது கிரிக்கெட் ஆடுகிற எல்லோருக்கும் தெரியும். தையல் போட்ட லெதர் பந்தைவிட அது கல் மாதிரி. மென்மையான மரம் தாங்காது. நான் பையனைப் பார்த்தேன். அவன் இல்லை என்று தலையாட்டினான். "என் பையன் பொய் சொல்ல மாட்டான்" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். "மரத்துக்கு யாரும் கேரண்டி தர மாட்டாங்க சார்" என்று அவரும் குரலை உயர்த்தினார். கூட்டத்தில் இருந்த ஒருவர் போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்ததும்தான் எனக்கே கூச்சமாகி வெளியே வந்தேன்.

அன்று இரவு உட்கார்ந்து சட்டத்தைப் படித்தேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் நேர்மையற்ற வணிக நடைமுறைகள் என்று ஒரு பட்டியல் உண்டு. பில் கொடுக்காமல் விற்பது அதில் ஒன்று. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், அப்படி எதுவும் சொல்லியிருக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது இன்னொன்று. அப்படியானால் அந்த ரப்பர் ஸ்டாம்புக்குச் சட்டத்தின் முன்னால் மதிப்பில்லை. நானோ 23ஆம் நாள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லலாம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. நாம் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம். படிக்கப் படிக்க நெஞ்சு விம்மியது. எட்டாயிரத்து ஐநூறும் கைக்கு வந்துவிட்ட மாதிரியே இருந்தது.

அப்புறம்தான் 'குறையுள்ள' என்ற சொல்லில் கண் நின்றது. உடைந்த பொருளெல்லாம் குறையுள்ள பொருள் ஆகிவிடாது. செய்யும்போதே குறை இருந்ததா, நாம் உபயோகித்த விதத்தில் உடைந்ததா என்று யாராவது சொல்ல வேண்டும். பார்த்தவுடன் தெரியாத குறை என்றால் ஆணையமே பொருளைப் பரிசோதனைக்கு அனுப்பும், அதற்கான செலவை முதலில் புகார் கொடுத்தவரைக் கட்டச் சொல்லலாம். கடைக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இரண்டு பேரும் தெரிந்த மாதிரி சத்தம் போட்டிருக்கிறோம்.

இரண்டு நாள் கழித்து மதியம் இரண்டரைக்குப் போனேன். கடையில் ஈ காக்காய் இல்லை. கடைக்காரர் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: மற்ற வாடிக்கையாளர் நிற்கும்போது எந்தக் கடைக்காரராலும் இறங்கி வர முடியாது. ஒருவருக்கு இறங்கினால் நாளைக்குப் பத்துப் பேர் பழைய பேட்டோடு வந்து நிற்பார்கள் என்ற பயம் அவருக்கு. தனியாக இருக்கும்போது அவரும் மனுஷர்தான்.

"அண்ணா, முப்பது நாள் சட்டம்னு ஒண்ணு இருக்கு, எஸ்டிமேட் சீட்டு போட்டது உங்களுக்கும் நல்லதில்ல, எனக்கும் நல்லதில்ல" என்று மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். ஒரு தடவை சொன்னதோடு சரி, மிரட்டலாக நீட்டவில்லை. அவர் சும்மா இருந்தார். பிறகு, "நான் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க, நீங்க சொன்னா நான் நம்ப மாட்டேன். யாரு சொன்னா ரெண்டு பேரும் ஒத்துக்குவோம் சார்?" என்றார்.

பேட் ரிப்பேர் செய்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். முகாம் கோச் ஏற்கெனவே அவரைப் பற்றிச் சொல்லியிருந்தார். கடைக்காரரும் அதே ஆளைத்தான் சொன்னார். அவர் என்ன சொன்னாலும் இருவரும் ஏற்போம், மரக்குறை என்றால் கடை செலவு, ஆட்டக்குறை என்றால் என் செலவு என்று பேசி, அந்த எஸ்டிமேட் சீட்டின் பின்பக்கமே எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். முடிவு தெரிவதற்கு முன்னால் எழுதிக்கொண்டது நல்லதாய்ப் போயிற்று. தெரிந்த பிறகு என்றால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேனா என்பது சந்தேகம்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான், பையன், கடைக்காரர் மூவரும் போனோம். பெரியவர் ஒன்றும் பேசாமல் பேட்டை மடியில் வைத்துக் கிரிப்பை உருவினார். நூல் சுற்றைப் பிரித்தார். கைப்பிடி பிரம்பால் ஆனது, 'வி' வடிவத்தில் சீவிய முனையை மரத்துக்குள் இறக்கிப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். அந்த இடத்தை விரலால் அழுத்தி விரித்துக் காட்டினார். ஒரு பக்கம் பசை ஓடியிருந்தது. மறுபக்கம் பசை பட்ட அடையாளமே இல்லை, மரம் புதுசாகச் சீவினது போல இருந்தது. "இது ஒட்டும்போதே விட்டது" என்றார். கடைக்காரர் முகம் சுருங்கியது. எனக்குள் வெடி வெடித்தது.

பெரியவர் அதோடு விடவில்லை. பேட்டைத் தலைகீழாகத் திருப்பினார். அடிப்பக்கம் மரத்தின் நார் முனைகள் வெளியே தெரிகிற இடம், ஈரத்தை ஸ்பாஞ்சு மாதிரி உறிஞ்சும். காலைப் பனியில் நனைந்த புல்லில் போட்டிருக்கிறார்கள், உப்பியிருக்கிறது என்றார். நகத்தால் முகத்தை அழுத்தினார், பள்ளம் விழுந்தது. "தட்டவே இல்ல." புது பேட்டுக்கு ஆளி விதை எண்ணெய் தடவி ஊற விட்டு, மரச் சுத்தியலால் மணிக்கணக்கில் தட்டித் தட்டி நார்களை இறுக்க வேண்டுமாம். முகத்தைவிட ஓரங்களும் அடிப்பக்கமும் முக்கியமாம். "ரெடி டு ப்ளேன்னு ஸ்டிக்கர் இருக்கே" என்றேன். சிரித்தார். "ஸ்டிக்கரா தம்பி தட்டும்? மெஷின்ல தட்டினாலும் கையால இன்னும் ரெண்டு மூணு மணி நேரம் தட்டணும்." இதை விற்கும்போது சொல்லியிருக்கலாமே என்று கடைக்காரரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

கடைசியாக முகத்தில் இருந்த பந்துத் தடங்கள். பெரும்பாலும் சிவப்பு, நடுவில் தையல் வரி. "இதெல்லாம் லெதர் பால்தான்" என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பேட்டை வெளிச்சத்தில் சாய்த்து, அடிப்பக்கத்துக்குக் கொஞ்சம் மேலே மூன்று சின்னக் குழிகளைக் காட்டினார். தையல் வரி இல்லை, ஆழமாக இருந்தன. "இது கார்க்."

பையன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "அப்பா, ஒரே ஒரு ஓவர்தான்ப்பா. தெருப் பசங்க கேட்டாங்க."

அந்த நேரத்தில் கடைக்காரர் ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் செத்திருப்பேன். அவர் சொல்லவில்லை. "என் பையனும் இப்படித்தான் சார்" என்று மட்டும் சொன்னார். கடை பேரை ஏன் போடவில்லை என்பதற்கு அது ஒன்று போதும்.

கைப்பிடி மாற்ற 1,300 ரூபாய், அது கடை செலவு. அடிப்பக்கப் பிளவுக்குப் பசை போட்டு இறுக்கி, அதைக் காக்க டோ கார்டு என்கிற உறை ஒட்ட 600 ரூபாய், அது என் செலவு. ஒரு மரச் சுத்தியலைக் கடைக்காரர் சும்மா கொடுத்தார். சரியான பில் ஒன்றும் வாங்கிக்கொண்டேன், அதற்கான வரியையும் கட்டினேன்.

"முழுப் பணத்துக்கும் கேஸ் போட்டிருக்கலாம், ஏமாந்துட்டே" என்கிறான் ஒரு நண்பன். போட்டிருக்கலாம். பசை விட்ட கைப்பிடியை வைத்து ஜெயித்திருக்கவும் கூடும். ஆனால் மூன்று குழிகளைப் பார்த்த பிறகு, பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 8,500ஐயும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதே சமயம், 'போனால் போகட்டும், லோக்கல் கடை, தெரிஞ்சவர்' என்று அன்றே விட்டிருந்தாலும் தப்புத்தான். ஒட்டாத கைப்பிடியோடு இன்னும் எத்தனை பேட் அந்தப் பெட்டியில் வந்ததோ. கடைக்காரர் மறுநாளே சப்ளையருக்குப் போட்டோ அனுப்பியிருக்கிறார், மீதி நாலு பேட்டை ஷெல்ஃபிலிருந்து எடுத்துவிட்டார். நான் முகநூலில் கடை பேரைக் கிழித்திருந்தால் அந்த நாலும் யாரோ நாலு பையன்கள் கைக்குத்தான் போயிருக்கும்.

பேட் பத்து நாளில் வந்தது. தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் மொட்டை மாடியில் உட்கார்ந்து பையனே தட்ட வேண்டும், அதுதான் தண்டனை. டொக், டொக், டொக். மூன்றாவது நாள் கீழ் வீட்டுக்காரர் மேலே ஏறி வந்துவிட்டார். "இன்னும் எத்தனை நாளைக்குத் தம்பி?" என்று கேட்டார். "இன்னும் மூணு மணி நேரம் பாக்கி அங்கிள்" என்றான் பையன், சுத்தியலைக் கீழே வைக்காமலே.