ஆறில்லா ஊரில் ஒன்பது நாட்கள்

மகள் டிக்கெட்டையும் எடுத்து அனுப்பி, "இனியும் சாக்குச் சொன்னால் பொங்கலுக்கு நான் ஊருக்கு வரமாட்டேன்" என்று மிரட்டிய பிறகுதான் நானும் மனைவியும் சென்ற ஜனவரியில் துபாய்க்குப் போய் வந்தோம். சேலத்திலிருந்து காரில் கோவைக்குப் போய், அங்கிருந்து அதிகாலை விமானத்தில் ஏறினால் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் துபாயை ஒட்டிய சார்ஜா வந்துவிடுகிறது. சேலத்திலிருந்து சென்னைக்குப் பெரும்பாலான ரயில்களில் போக அதைவிட அதிக நேரமாகிறது.

திரும்பி வந்து நாற்பது நாளாகிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் எப்படி இருந்தது என்று கேட்கிறார்கள். சொர்க்கம் என்று சொல்வேன் என ஒரு சாரார் காத்திருக்கிறார்கள். பாலைவனத்தில் காசைக் கொட்டிக் கட்டிய பொம்மை என்று சொல்வேன் என இன்னொரு சாரார் காத்திருக்கிறார்கள். இரண்டுமே என் வாயில் வரவில்லை. நின்றபடி இரண்டு வார்த்தையில் சொல்ல முடியாததால் இங்கே எழுதி வைக்கிறேன்.

முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முப்பத்து நான்கு ஆண்டுகள் குடிநீர் வழங்கும் பணியில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் குழாயைத் திறந்து பார்க்கும் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. ஆகவே கராமாவில் மகள் குடியிருக்கும் வீட்டுக்குள் நுழைந்ததும், பெட்டியை வைத்துவிட்டு நான் செய்த முதல் காரியம் குளியலறைக் குழாயைத் திருகியதுதான். நள்ளிரவிலும் விடியற்காலையிலும் திருகிப் பார்த்தேன். ஒரே வேகத்தில் தண்ணீர் வந்தது. மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த ஊரில் ஆறு கிடையாது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 100 மில்லிமீட்டரைத் தொட்டாலே பெரிது. குழாயில் வருவது ஏறக்குறைய முழுவதும் கடல்நீரைக் குடிநீராக்கியதுதான். ஜெபல் அலியில் இருக்கும் மின் உற்பத்தி, குடிநீர் வளாகத்தின் திறன் நாளொன்றுக்கு 49 கோடி இம்பீரியல் காலன். லிட்டரில் சொன்னால் 220 கோடிக்கும் மேல். எரிவாயுவை எரித்து மின்சாரம் எடுத்த பிறகு எஞ்சும் வெப்பத்தைக் கொண்டு கடல்நீரை ஆவியாக்கி, அந்த ஆவியைக் குளிரவைத்துத் தண்ணீராகப் பிடிப்பது அங்கே நெடுங்காலமாக நடந்துவரும் முறை. புதிய நிலையங்களில் சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பிரிக்கும் முறைக்கு மாறி வருகிறார்கள். இவ்வளவு செலவழித்துச் செய்த தண்ணீரில், வீடு வந்து சேர்வதற்குள் வழியில் ஒழுகிப் போவது ஐந்து விழுக்காட்டு அளவுதான். வெளியிலிருந்து படிப்பவர்களுக்கு இது ஒரு சாதாரண எண். குழாய் பதித்துப் பழகியவர்கள் இந்த எண்ணின் முன்னால் தொப்பியைக் கழற்றத்தான் வேண்டும். நம் நாட்டு நகரங்களில் ஏற்றுகிற தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு கணக்கில் வராமல் போகும் என்பதை எங்கள் தொழிலில் யாரும் மறுக்கமாட்டார்கள்.

எங்களுக்கோ 50 கிலோமீட்டர் தொலைவில் மேட்டூர் அணை இருக்கிறது. 1934 முதல் நிற்கிறது; 93.47 டி.எம்.சி. கொள்ளளவு. எங்கள் தெருவில் நான்கு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வரும். அந்த நாளில் வீட்டில் ஒருவர் எங்கும் போகாமல் குடத்துக்குக் காவல் இருக்க வேண்டும். ஆங்கிலேயர் காலத்தில் சேலத்துக்குக் குடிநீர் தந்த பனமரத்துப்பட்டி ஏரியின் பரப்பைச் சீமைக்கருவேலம் மூடிக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு, ஆறில்லாத ஊரில் இருபத்து நான்கு மணி நேரமும் குழாய் பேசுவதைக் கேட்கும்போது என்ன தோன்றும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அதே ஊரில்தான் என் கணக்குப் புத்தி வேறு விதமாகவும் வேலை செய்தது. துபாய் மாலுக்குள் இருக்கும் மீன் காட்சித் தொட்டியில் ஒரு கோடி லிட்டர் தண்ணீர். சுறாக்கள் தலைக்கு மேல் நீந்தும்போது பேரப்பிள்ளைகள் துள்ளினார்கள்; நானோ தலைக்கு 135 லிட்டர் என்ற நம் குடிநீர்த் திட்ட அளவால் அதை வகுத்துக்கொண்டு நின்றேன். எழுபத்து நான்காயிரம் பேரின் ஒரு நாள் தண்ணீர். 828 மீட்டர் உயரமுள்ள புர்ஜ் கலீஃபாவுக்கு நாளொன்றுக்கு 9,46,000 லிட்டர் தேவைப்படுகிறதாம். அது ஏழாயிரம் பேருக்கு. அதே கட்டடத்தின் குளிர்சாதனக் கருவிகளில் வடியும் நீரைச் சேர்த்து, ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி காலன் அளவுக்குச் சுற்றியுள்ள செடிகளுக்கு விடுகிறார்கள் என்று அறிந்தபோது பாராட்டுவதா, இவ்வளவு குளிரூட்டத்தான் வேண்டுமா என்று கேட்பதா எனப் புரியவில்லை. லிஃப்டில் ஒரு நிமிடத்தில் 124ஆம் மாடிக்குப் போனோம். மேலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மணல், நடுவே நகரம். பத்து நிமிடத்தில் எனக்குப் பார்த்து முடிந்துவிட்டது; மற்றவர்கள் படம் எடுத்து முடிக்கும்வரை கண்ணாடி ஓரம் நின்று, இத்தனை உயரத்துக்குத் தண்ணீரை எத்தனை கட்டமாக ஏற்றியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோபுரத்துக்குக் கட்டும்போது புர்ஜ் துபாய் என்றுதான் பெயர். 2009 டிசம்பரில் துபாயின் கடன் நெருக்கடிக்கு அபுதாபி 1,000 கோடி டாலர் கொடுத்தது. அடுத்த மாதம் திறப்பு விழாவில் கோபுரம் அபுதாபி ஆட்சியாளரின் பெயருக்கு மாறியது. உபயதாரர் பெயரைக் கல்லில் வெட்டுவது நமக்கும் புதிதல்ல என்பதால் நான் இதில் குறை காணவில்லை.

மிராக்கிள் கார்டன் என்ற பூந்தோட்டத்தைப் பற்றி மனைவி நிறையச் சொல்வாள்; நான் குறைவாகவே சொல்வேன். சுத்திகரித்த கழிவுநீரில் பாலைவனத்தில் கோடிக்கணக்கான பூக்களை வளர்த்திருப்பது உண்மையிலேயே பெரிய வேலை. ஆனால் ஒரு முழு விமானத்தையே பூவால் போர்த்தியிருந்த இடத்தில் நின்றும் மூக்குக்கு எதுவும் எட்டவில்லை. ஏற்காட்டுக் கோடை விழாவின் மலர்க் கண்காட்சியில் கூட்டத்தில் நசுங்கிப் பார்த்த பூக்களை நினைத்துக்கொண்டேன். அது ரசனைக் கோளாறாகவும் இருக்கலாம்.

எனக்குப் பிடித்தவை எல்லாம் விலை குறைந்தவையாகவே இருந்தன. ஒரு திர்ஹாம், அதாவது நம் பணத்தில் ஏறக்குறைய 24 ரூபாய் கொடுத்தால், க்ரீக் என்ற கடற்கழியின் இக்கரையிலிருந்து அக்கரைக்கு அப்ரா என்னும் மரப்படகில் போகலாம். நானும் மனைவியும் மூன்று முறை போய் வந்தோம். மெட்ரோ ரயிலில் ஓட்டுநர் இல்லை. 2009 செப்டம்பர் 9 முதல் இப்படித்தான் ஓடுகிறது. வண்டிக்குள் எதையும் தின்றால் 100 திர்ஹாம் அபராதம் என்று எழுதியிருப்பதை மகள் படித்துக் காட்டியபோது, மனைவி சேலத்திலிருந்து கட்டிக்கொண்டு போன தட்டுவடைப் பொட்டலத்தை அப்போதுதான் பிரித்திருந்தாள். அதை மூடிக் கைப்பையில் திணித்த வேகத்தை நாற்பது ஆண்டு இல்லறத்தில் நான் வேறெப்போதும் கண்டதில்லை. சாலையைக் கடக்க ஓரத்தில் நின்றால் கார்கள் நின்று வழி விடுகின்றன. முதல் இரண்டு நாள் அதை நம்பாமல் நானும் நின்றேன், காரும் நின்றது. இருவரும் மாறி மாறிக் கையசைத்துக்கொண்டோம்.

இதையெல்லாம்விட என் மனத்தில் தங்கியது ஐந்தாம் நாள் நடந்தது. மகள் வீட்டுச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் ஈரம் கசிந்தது. கைபேசியில் புகார் பதிவு செய்தாள். முக்கால் மணி நேரத்தில் ஓர் இளைஞர் வந்தார். வாசலிலேயே காலுக்கு உறை மாட்டிக்கொண்டு உள்ளே வந்து, தரையில் ஒரு விரிப்பைப் போட்டு, ஆங்கிள் வால்வை மூடி, இணைப்புக் குழாயைக் கழற்றினார். நசுங்கிப் போன பழைய வாஷரை விரலில் வைத்து என்னிடம் காட்டினார். புதியதைப் போட்டு இறுக்கி, வால்வைத் திறந்து, இணைப்பைச் சுற்றி ஒரு காகிதத்தைப் பிடித்து ஈரம் ஏறுகிறதா என்று பார்த்தார். அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் எனக்கு அவர்மேல் மரியாதை வந்துவிட்டது. நானும் மனைவியும் பேசிக்கொண்டதைக் கேட்டுவிட்டு, "ஏனுங்க சார், சேலமுங்களா?" என்றார். அவருக்குத் தாரமங்கலம் பக்கம். ஐ.டி.ஐ. படித்தவர். ஊரிலும் இதே வேலையை ஆறு வருடம் பார்த்திருக்கிறார்.

"அங்கே பார்த்ததற்கும் இங்கே பார்ப்பதற்கும் என்ன வித்தியாசம் தம்பி?" என்று கேட்டேன். சம்பளத்தைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"அங்க வாஷர் வேணும்னா நாமதான் கடைக்குப் போகோணும், சில நேரம் நம்ம கைக்காசுதானுங்க. இங்க வண்டியிலேயே எல்லாச் சாமானும் இருக்குதுங்க சார். காலையில வண்டி எடுக்கும்போதே எண்ணிக் கொடுத்துருவாங்க. செஞ்சு முடிச்சுட்டுப் போட்டோ எடுத்துப் போடோணும். அவ்வளவுதான்."

நம் ஊரில் எதுவும் சரியாக நடக்காததற்குக் காரணம் கேட்டால், படித்தவர்கள் உட்பட எல்லோரும் சொல்லும் பதில் ஒன்று உண்டு: நம்ம ஆளுங்க சரியில்லை. பணியில் இருந்த காலத்தில் நானே அதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். துபாயைத் துடைத்து, பழுதுபார்த்து, ஓட வைத்துக்கொண்டிருப்பவர்களில் பெரும் பங்கினர் தாரமங்கலத்தையும் ஆத்தூரையும் போன்ற ஊர்களிலிருந்தும், கேரளத்திலிருந்தும், பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளத்திலிருந்தும் போன நம் ஆட்கள்தான். துபாய் இருக்கும் ஐக்கிய அரபு அமீரகத்தின் மக்கள்தொகையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் வெளிநாட்டவர். அதே கை, அதே படிப்பு, அதே வாஷர். அதற்குப் பின் அந்தப் பழைய பதிலை என்னால் எப்படிச் சொல்ல முடியும்?

அங்கே மன்னராட்சி, பயம் இருக்கிறது, அதனால் நடக்கிறது என்று நண்பர் ஒருவர் சொன்னார். பாதி உண்மை. துப்பாமல் இருக்கவும் தட்டுவடையை மூடி வைக்கவும் பயம் போதும். ஆனால் பயம் வாஷரை வண்டியில் கொண்டுவந்து வைக்காது. எண்ணிக் கொடுக்கும் ஒரு கிடங்கும், அதற்கு ஒதுக்கிய பணமும்தான் வைக்கும். அந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் துபாயும் தடுமாறத்தான் செய்தது. 2024 ஏப்ரல் 16ஆம் தேதி மழையில் விமான நிலையத்தில் 142 மில்லிமீட்டர் கொட்டியது. ஓராண்டில் பெய்வதே சராசரியாக 94.7 மில்லிமீட்டர்தான். ஓடுபாதை குளமானது, கார்கள் மிதந்தன. மழையே பெய்யாத ஊரில் வடிகாலுக்கு எதற்குச் செலவு என்று நினைத்ததன் விலை. மூன்று மாதத்துக்குள் 3,000 கோடி திர்ஹாமில் 2033க்குள் முடிக்கும்படி மழைநீர் வடிகால் திட்டத்தை அறிவித்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பாராட்டு இத்துடன் நின்றால் இது வேறு மாதிரியான பதிவாக இருந்திருக்கும். காபி கொடுத்து உட்கார வைத்தபோது அந்தத் தம்பி, தொழிலாளர்கள் தங்கும் பகுதியான சோனாப்பூரில் தங்கியிருப்பதாகச் சொன்னார். ஓர் அறையில் எட்டுப் பேர். மகள் பிறந்து நாற்பதாம் நாள் விமானம் ஏறியவர். அவளுக்கு இப்போது இரண்டு வயதாகப் போகிறது. தினமும் வீடியோவில் பார்க்கிறார். குடும்பத்தை அழைத்து வர வேண்டுமானால் மாதம் 4,000 திர்ஹாம் சம்பளம் வேண்டும், அல்லது 3,000 திர்ஹாமும் தங்க வீடும் வேண்டும். அவர் வாங்குவது அதில் பாதிகூட இல்லை. வேலை போனால் விசா போகும். இருபது வருடம் அங்கே உழைத்தாலும் அந்த ஊர் அவருக்கு ஊராகாது. கோடையில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் பன்னிரண்டரை முதல் மூன்று மணிவரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, அதை நல்லதென்றே சொல்வேன். ஆனால் அப்படி ஒரு சட்டம் தேவைப்படுகிற வெயிலில் மற்ற நேரமெல்லாம் யார் நிற்கிறார்கள் என்பதும் தெரிந்ததுதான். நாங்கள் போனது ஜனவரி. ஜூலையில் போனவர் எழுதினால் இந்தப் பதிவின் பாதி மாறியிருக்கும்.

1966 வரை துபாயில் செல்லுபடியானது நம் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ரூபாய்தான் என்பதை மகள் வீட்டில் சொன்னேன். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சரி, அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு இப்போது என்ன செய்வது?

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் எங்களுக்குத் தண்ணீர் முறை. தெருமுனையில் உள்ள கேட் வால்வு, தண்ணீர் திறக்கும்போதெல்லாம் கழுத்துப் பகுதியில் ஒழுகும். பழைய துணியைச் சுற்றி வைத்திருப்பார்கள். பல மாதமாக அதைத் தாண்டித்தான் நடைப்பயிற்சிக்குப் போகிறேன். அன்று நின்று, தண்ணீர் திறந்துவிடுகிறவரிடம் ஏன் இப்படியே விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். குரலில் கொஞ்சம் துபாய் ஏறியிருக்க வேண்டும்.

"கிளாண்ட் கயிறு வேணும்னு எழுதிக் கொடுத்து ஏழு மாசமாச்சுங்க சார். வரட்டும்னு சொல்லியிருக்காங்க" என்றார் அவர். கோபமில்லாமல்தான் சொன்னார். வால்வின் கழுத்தில் சுற்றி ஒழுகலை அடைக்கும் கயிறு அது.

மறுநாள் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு கடையில் கயிற்றை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். பதினைந்து நிமிடத்தில் நட்டைக் கழற்றி, பழைய கயிற்றைக் கம்பியால் கிளறி எடுத்து, புதியதைச் சுற்றி இறுக்கினார். கை அந்தத் தாரமங்கலத்துத் தம்பியின் கையைப் போலவே சுத்தமாக வேலை செய்தது. அடுத்த முறை தண்ணீர் வந்தபோது ஒழுகவில்லை.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகு என் பழைய மேசை நினைவுக்கு வந்தது. கயிறு, வாஷர், நட்டு போல்ட்டு என்று கேட்டு எழுதிய தாள்கள் அந்த மேசைக்கும் வந்துகொண்டேதான் இருந்தன; "நிதி ஒதுக்கீடு கிடைத்ததும் பரிசீலிக்கலாம்" என்று பச்சை மையில் எழுதித் திருப்பி அனுப்பியவன் நான்தான்.