ரத்தம் ஒன்பது பாயிண்ட் இருந்தால் “பொம்பளைக்கு அது போதும்” என்று யார் சொன்னது?

“பொம்பளைங்கன்னா ரத்தம் கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும்.” இதை வீட்டிலும் சொல்கிறார்கள், கிளினிக்கிலும் சொல்கிறார்கள். கேட்கக் கேட்கப் பற்றிக்கொண்டு வருகிறது.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால் “உடம்பு போட்டுடுச்சு”. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டினால் “தண்ணி சேரல”. ராத்திரி கால் குடைச்சலில் தூக்கம் போனால் “நாள் பூரா நின்னா அப்படித்தான்”. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை டப்பாவைத் திறந்து பச்சரிசியை அள்ளி அள்ளித் தின்றால் “கல்யாணத்தன்னிக்கு மழை கொட்டப்போகுது பாரு” என்று சிரிக்கிறார்கள். அரிசி, விபூதி, சாக்பீஸ், ஐஸ் கட்டி என்று நாக்கு தேடுவது பல நேரம் இரும்புச்சத்து தீர்ந்துபோனதன் அடையாளம். அந்தப் பிள்ளைக்கு ரத்தம் பார்க்க வேண்டுமே தவிர, கேலி பேசக் கூடாது.

கணக்கு தெளிவாகத்தான் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி, கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ரத்தத்தின் சிவப்புச் சத்தான ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே (பேச்சில் 12 பாயிண்ட்) போனால் ரத்தசோகை. ஆணுக்கு 13. நம் ஊர்ப் பெண்ணுக்கு ஒன்பது போதும் என்று எங்கேயும் எழுதவில்லை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் இந்தியாவில் 57 சதவீதம் பேருக்கும், தமிழ்நாட்டில் 53 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை. அரசாங்கம் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது 1970-ல். ஐம்பது வருஷம் தாண்டியும் பாதிப் பெண்கள் சோர்ந்து கிடக்கிறார்கள் என்றால் பதறியிருக்க வேண்டும். “எல்லாருக்கும் இருக்கறதுதானே” என்று பழகிக்கொண்டோம்.

ரத்தம் எங்கே போகிறது என்று யாராவது கேட்கிறார்களா? “பீரியட்ஸ் ரெகுலரா வருதா?” என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. ரெகுலராக வந்தால் போதுமா? எவ்வளவு போகிறது என்பதல்லவா கேள்வி! சாதாரணமாக ஒரு மாதவிலக்கில் 30, 40 மில்லி போகும். 80 மில்லிக்கு மேல் என்றால் அது அதிகப்படி. யாரும் அளந்து பார்க்க முடியாது, அதனால் இப்படிக் கேளுங்கள்: ஒரு மணி, இரண்டு மணிக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா? ராத்திரி அதற்காகவே எழுந்திருக்கிறீர்களா? பத்து ரூபாய் நாணயம் அளவுக்கோ அதைவிடப் பெரிதாகவோ கட்டி விழுகிறதா? ஏழு நாளைத் தாண்டுகிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். பத்தொன்பது வயதிலிருந்தே அப்படித்தான் என்றால், பத்தொன்பது வயதிலிருந்தே யாரும் பார்க்கவில்லை என்று பொருள்.

80 மில்லி ரத்தத்தோடு சுமார் 35 மில்லிகிராம் இரும்பு போய்விடும். சோறு, சாம்பார், பொரியல் சாப்பிடும் உடம்பு ஒரு நாளைக்கு உறிஞ்சுவது ஒரு மில்லிகிராமை ஒட்டித்தான். அதிலும் பெரும்பகுதி அன்றாடத் தேய்மானத்துக்கே சரியாகிவிடும். ஓட்டைக் குடத்தை அடைக்காமல் தண்ணீர் மொண்டு ஊற்றுவது போலத்தான், போக்கைப் பார்க்காமல் சத்து மட்டும் ஏற்றும் இந்த வைத்தியம் வருஷக்கணக்கில் நடக்கிறது. கருப்பையில் நார்த்திசுக் கட்டி இருக்கிறதா, தைராய்டு எப்படி, காப்பர்-டி போட்ட பிறகு அதிகமானதா, வீட்டில் வேறு யாருக்காவது பல் பிடுங்கினால் ரத்தம் நிற்காத வழக்கம் உண்டா என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது. ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை இருக்கிறது. போக்கு அதிகமான சில நாள் மட்டும் போட்டால் போதும் (ரத்தம் உறைந்து அடைத்த வரலாறு உள்ளவர்களுக்கு ஆகாது). ஹார்மோன் சுரக்கும் கருப்பை வளையம் இருக்கிறது. இதையெல்லாம் சொல்லாமல், முப்பத்தெட்டு வயதில் “குழந்தை பெத்தாச்சுல்ல, கர்ப்பப்பையை எடுத்துடலாம்” என்று நேரே கத்திக்குப் போவது அநியாயம்.

அடுத்து, ரத்தம் ஊறும் என்று எல்லாரும் சொல்லும் அந்த மாதுளை, பீட்ரூட், பேரீச்சை. பீட்ரூட்டின் நிறம்தான் சிவப்பு. 100 கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 8 பாயிண்ட் இருக்கிறது, அதை 13 ஆக்க வேண்டும் என்று வையுங்கள். டாக்டர்கள் போடும் கணக்குப்படி எடை, குறைவு (5 பாயிண்ட்), 2.4 என்ற மாறாத எண் மூன்றையும் பெருக்கினால் 600. சேமிப்புக்கு 500 சேர்த்தால் 1,100 மில்லிகிராம் இரும்பு வேண்டும். முருங்கைக்கீரை 100 கிராமில் நாலைந்து மில்லிகிராம், அதில் உடம்பில் சேர்வது பத்தில் ஒரு பங்கு வருமா என்பதே சந்தேகம். கீரை தினமும் சாப்பிடுங்கள், ஏறிய ரத்தம் இறங்காமல் இருக்க அது வேண்டும். அசைவம் என்றால் சுவரொட்டியும் ஈரலும் நிஜமாகவே இரும்பு நிறைந்தவை, சீக்கிரம் சேரும் (கர்ப்பிணிகள் மட்டும் ஈரலை அடிக்கடி சாப்பிட வேண்டாம், வைட்டமின் ஏ அளவுக்கு மீறிவிடும்). ஆனால் 8 பாயிண்டில் இருப்பவளை மாதுளை ஜூஸ் குடிக்கச் சொல்லி மூன்று மாதம் தள்ளுவது வைத்தியம் ஆகாது.

மாத்திரை விஷயத்திலும் இதே அலட்சியம்தான். சுகாதார நிலையத்தில் தரும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. நல்ல மாத்திரை, காசும் இல்லை. அதை எப்படிப் போடுவது என்று சொல்லித்தர ஆளில்லை. காலையில் டிபன் முடித்து, காபியோடு சேர்த்து முழுங்கினால் அந்த மாத்திரையில் பெரும்பகுதி வீண். காபி, டீ, பால் மூன்றுக்கும் முன்னே பின்னே குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். கர்ப்பிணிகளுக்கு கால்சியம் மாத்திரையும் சேர்த்துத் தருகிறார்கள். இரண்டையும் ஒரே கையில் வைத்து முழுங்கும் பெண்கள் எத்தனை பேர்! கால்சியம் இரும்பைத் தடுக்கும். ஒன்று காலையில் என்றால் மற்றது ராத்திரி. வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்துப் போட்டால் நன்றாக ஏறும்.

மலம் கறுப்பாகப் போகும். பயப்பட ஒன்றுமில்லை என்று முதல் நாளே சொல்லியிருந்தால், பத்தாம் நாள் மாத்திரையைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டார்கள். குமட்டலும் மலச்சிக்கலும் வரும். வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம், கொஞ்சம் குறைவாகச் சேரும், விடுவதற்கு அது மேல். ஒருநாள் விட்டு ஒருநாள் போடும் வழியும் உண்டு: ஒரு மாத்திரை போட்டதும் உடம்பில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடி, மறுநாள் இரும்பை உள்ளே விடாமல் கதவடைக்கிறது என்று 2017-ல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வு காட்டியது. கர்ப்பிணிகளும் ரத்தம் மிகக் குறைந்தவர்களும் இதைத் தாங்களாகச் செய்யக் கூடாது, டாக்டரைக் கேட்டே மாற்ற வேண்டும்.

ஒழுங்காகப் போட்டால் ஒரு மாதத்தில் ஒன்று முதல் இரண்டு பாயிண்ட் ஏற வேண்டும். ஏறிய பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும், அப்போதுதான் சேமிப்பு நிறையும். பன்னிரண்டைத் தொட்டதும் நிறுத்துவதால்தான் ஆறு மாதத்தில் மறுபடி ஒன்பதுக்கு வந்து நிற்கிறார்கள்.

ஏறவில்லையா? டானிக்கை மாற்றி எழுதுவதை நிறுத்திவிட்டு ஏன் என்று பாருங்கள். தினமும் “கேஸ் மாத்திரை” போடுகிறாரா? வயிற்றில் அமிலம் குறைந்தால் இரும்பு சேராது. முழு ரத்த எண்ணிக்கையில் எம்சிவி என்று ஒரு வரி இருக்கும், சிவப்பணுவின் சராசரி அளவு அது. அது ரொம்பக் குறைந்து, சிவப்பணு எண்ணிக்கை மட்டும் கூடுதலாக இருந்தால் பரம்பரையாக வரும் தலசீமியா கூறாக இருக்கலாம், அதற்கு வேறு பரிசோதனை. எம்சிவி கூடுதலாக இருந்தால் வைட்டமின் பி12 பார்க்க வேண்டும். இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பாருங்கள், 15-க்குக் கீழே என்றால் சேமிப்பு காலி, ஹீமோகுளோபின் 12.2 இருந்தாலும் அந்தச் சோர்வு மனப்பிரமை கிடையாது. காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாகக் கூடிக் காட்டும் என்பதையும் மறக்கக் கூடாது. ஆணுக்கோ, மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ ரத்தம் குறைந்தால் குடலில் எங்கேயாவது கசிகிறதா என்று பார்க்காமல் மாத்திரை மட்டும் எழுதக் கூடாது. அங்கே புற்றுநோய்கூட ஒளிந்திருக்கலாம்.

எல்லாவற்றையும்விட வயிறு எரிவது பிரசவ வார்டில்தான். சுகப்பிரசவத்திலேயே அரை லிட்டர் வரை ரத்தம் போகலாம். ஏழரை பாயிண்டில் வந்தவளுக்கு அது போனால் என்ன மிஞ்சும்? நடுராத்திரியில் ரத்தம் ஏற்பாடு பண்ண வீட்டு ஆண்கள் ஓடுகிறார்கள். 36-வது வாரத்தில் மாத்திரையால் ஏற்ற நேரமில்லை. நாலாவது, ஐந்தாவது மாதமாக இருந்தால் மாத்திரையே போதும், ஏறாதவர்களுக்கு அயர்ன் சுக்ரோஸை 200 மில்லிகிராம் வீதம் சில தவணையாக நரம்பில் ஏற்றியிருக்கலாம். மூன்றாம் மாதமே அந்தப் பெண்ணின் அட்டையில் 9.2 என்று எழுதியிருந்ததே, அதை எழுதினவர் படித்தாரா? கூட வந்தவர்கள் படித்தார்களா?